தூரம் இல்லாத நிலத்தில் தொலைநோக்கி

பழைய கேப்புத் துப்பாக்கியின் வலப்பக்கத்தைப் பார்த்தால் அதன் பொறி முழுவதும் வெளியே தெரியும். அடிக்கட்டையில் பதித்த இரும்புத் தகடு, அதன்மேல் வளைந்து நிற்கும் குதிரை, குதிரை விழும் இடத்தில் கேப்பு மாட்டும் சிறு முனை. விசையை இழுத்தால் குதிரை விழுந்து கேப்பைத் தட்டுகிறது. கேப்பில் எழும் நெருப்பு துளை வழியே குழலுக்குள் பாய்ந்து கருமருந்தைப் பற்றவைக்கிறது. இப்படிப்பட்ட துப்பாக்கியில் தொலைநோக்கி ஏற்றலாமா, ஏற்றினால் எங்கே, எப்படி என்பது பழந்துப்பாக்கி ஆர்வலர்களிடையே ஓயாத வழக்கு. ஒரு தரப்பு மரபைக் காட்டி மறுக்கும். மறு தரப்பு வயதான கண்ணையும் குறியின் துல்லியத்தையும் காட்டி வாதாடும். இரு தரப்பும் துப்பாக்கியையே உற்றுப் பார்க்கின்றன. அது எந்த மண்ணில் நின்று சுடப்படுகிறது என்று கேட்பதில்லை. தொலைவில் இருப்பதைக் கிட்டே காட்டுவதுதான் தொலைநோக்கியின் ஒரே வேலை. நிலம் தொலைவைக் கொடுத்தால்தான் அந்த வேலைக்குப் பொருள் உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்துக் காடும் ஈய வயலும் ரப்பர்த் தோட்டமும் இந்த வழக்குக்கு நல்ல உரைகல். அங்கே வைத்து உரசிப் பார்த்தால், கண்ணாடியை எப்படிப் பொருத்துவது என்ற தொழில்நுட்பக் கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

மரபு வாதத்தை முதலில் தீர்த்துவிடலாம். அது நெடுநேரம் நிற்காது. தொலைநோக்கி என்பது உலகப் போர்க்காலச் சரக்கு, பக்கக் குதிரைக்கு அது அந்நியம் என்று பலர் நம்புகிறார்கள். ஜான் ராட்க்ளிஃப் சாப்மன் அமெரிக்கத் துப்பாக்கியைப் பற்றி எழுதிய நூல் 1848இல் வந்தது. குழலின் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடிக் குழாயை ஏற்றிக் குறிபார்க்கும் முறை அதிலேயே பேசப்படுகிறது. 1855இல் நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் அத்தகைய குழாய்களைத் தொழிலாகவே செய்யத் தொடங்கினார். நமக்கு இன்னும் அருகில் ஒரு கதை உண்டு. 1830களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் இருந்த டேவிட் டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்து அதிகாரி இந்தியாவிலேயே துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்தி வேட்டையாடியவர். ஊர் திரும்பிய பிறகும் அதை விடாமல் திருத்தி, 1862இல் காப்புரிமை பெற்றார். அவருடைய கண்ணாடி விட்வொர்த் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் ஏறி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் குறிசுடுநர் கைக்குப் போனது. பேராக்கில் ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் ஆலோசகரை அமர்த்த வழிசெய்த பங்கோர் உடன்படிக்கை 1874இல்தான் கையெழுத்தானது. பேராக்குக்கு பிரிட்டிஷ் ரெசிடென்ட் வருவதற்கு முன்பே பக்கக் குதிரையும் தொலைநோக்கியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்திவிட்டன. ஆக, மரபு தொலைநோக்கியை ஒதுக்கவில்லை. ஆனால் அந்தக் குடித்தனம் எந்தெந்த இடங்களில் நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

டேவிட்சன் காலத்தில் அதே பம்பாய்ப் படையைச் சேர்ந்த ஜான் ஜேக்கப், சிந்து எல்லையில் தம் பெயரில் எழுந்த ஜேக்கபாபாத்தில் துப்பாக்கி ஆராய்ச்சியில் மூழ்கிக் கிடந்தார். அவர் வடிவமைத்த இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு இரண்டு பக்கமும் குதிரை, நான்கு வரிப்பள்ளம், ஏணிபோல் நிமிரும் பின்குறியில் 2,000 கஜம் வரை அளவு. 2,000 கஜம் என்றால் ஒரு மைலுக்கும் மேல். இன்று கேட்டால் வெறும் வீம்பாகத் தோன்றும். ஆனால் சிந்துப் பாலைவிளிம்பில் எதிரி ஒரு மைலுக்கு அப்பால் தூசியோடு தெரிவான். அவனைப் பற்றி ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அந்த நிலமே தரும் எண்ணம். இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் அறுகோணக் குழல் செய்ததும் இதே நெடுந்தூர மயக்கத்தில்தான். 1857ஆம் ஆண்டுச் சோதனைகளில் 500 கஜத்தில் விட்வொர்த்தின் சராசரிப் பிசகு 0.37 அடி, படையின் வழக்கமான என்ஃபீல்டுக்கு 2.24 அடி. 800 கஜத்தில் ஒரு அடிக்கு எதிராக 4.11 அடி. குழல் இவ்வளவு நேர்மையாகிவிட்டால் அடுத்த தடை கண்தான். கண்ணுக்குத் துணையாகத் தொலைநோக்கி வந்தது. நல்ல குழல், திறந்த வெளி, அவற்றுக்குப் பிறகு கண்ணாடி: வரலாற்றில் வரிசை இதுதான். இதில் நடு உறுப்பை உருவிவிட்டால் என்ன மிஞ்சும் என்பதே பேராக்கைப் பற்றி நாம் கேட்க வேண்டியது.

அதற்குமுன் பொருத்தும் சிக்கலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொதுவாக இதைச் சொல்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முதல் இடைஞ்சல் குதிரை. முழுதும் பின்னுக்கு இழுத்த நிலையில் அதன் கட்டைவிரல் கொம்பு குழலின் மட்டத்துக்கு மேலே எழுகிறது. குழலின் நேர்மேலே பருமனான குழாயைத் தாழ்வாக ஏற்றினால் விரல் கொம்பைத் தேடித் தடவ வேண்டியிருக்கும். வழுக்கினால் மருந்து கெட்டித்த துப்பாக்கி தானாக வெடிக்கவும் கூடும். குழாயை உயர்த்தினால் விரலுக்கு இடம் கிடைக்கும், கன்னத்துக்குக் கிடைக்காது. பழைய அடிக்கட்டைகள் தாழ்ந்து வளைந்தவை. குழலை ஒட்டிய குறிமுள்ளைப் பார்ப்பதற்காகச் செதுக்கப்பட்டவை. அதில் உயரமான கண்ணாடியைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் தூக்கித் தாடையால்தான் முட்டுக்கொடுக்க வேண்டும். அப்படித் தூக்கிய தலை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்காது. கண் கொஞ்சம் விலகினாலும் குறி விலகும். அடுத்தது நெருப்பு. கேப்பு வெடிக்கும்போது செப்புச் சில்லும் சூடான வாயுவும் பக்கவாட்டில் தெறிக்கின்றன. குழாயின் உடம்பு அதற்கு ஒரு அங்குலம் தள்ளித்தான் இருக்கிறது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியானால் இன்னொன்றும் உண்டு. குழலின் முழு நீளத்துக்கும் ஓடும் மால்கம் பாணிக் குழாய், மருந்து ஊற்றும் கையையும் கெட்டிக்கும் கோலையும் தடுக்கும். ஒவ்வொரு சூட்டிலும் வாயிலிருந்து எழும் புகை அதன் முன்கண்ணாடியில் கறையாகப் படியும். இந்தச் சங்கடங்கள் குறையுமாறு பொறியையே இடம் மாற்றிய துப்பாக்கிகளும் உண்டு. அமெரிக்கப் பந்தயத் துப்பாக்கிகள் சிலவற்றில் குதிரை குழலுக்கு அடியில் போனது. 1980களிலிருந்து வந்த கருமருந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் அது குழலின் நேர்பின்னால் ஒளிந்துகொண்டது. அவற்றில் தொலைநோக்கி எந்த வம்பும் இல்லாமல் ஏறும். ஆனால் அவை நாம் பேசும் துப்பாக்கி அல்ல.

பக்கக் குதிரையை வைத்துக்கொண்டே தீர்வு கண்டவர் டேவிட்சன். குதிரை வலப்பக்கம் என்றால் கண்ணாடி இடப்பக்கம் போகட்டும் என்றார். குழாய் அடிக்கட்டையின் இடப்புறம் நிற்கும். கொம்புக்கு விரல் தடையில்லாமல் போகும். மேலே இருக்கும் பழைய குறிமுள் அப்படியே இருக்கும். தேவையில்லாதபோது குழாயைக் கழற்றிவிடலாம். பக்கவாட்டில் வைத்தால் குண்டு ஒருபுறமாக விலகுமே என்பது வழக்கமான மறுப்பு. கணக்குப் போட்டால் அதன் பலம் எவ்வளவு என்று தெரியும். கண்ணாடி குழலுக்கு இரண்டு அங்குலம் இடப்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக் கோடும் குழலின் கோடும் 100 கஜத்தில் வெட்டிக்கொள்ளுமாறு திருப்பினால், 50 கஜத்தில் குண்டு ஒரு அங்குலம் வலப்பக்கம் விழும். 200 கஜத்தில் இரண்டு அங்குலம் இடப்பக்கம். 500 கஜத்துக்குப் போனால்தான் எட்டு அங்குலமாகிறது. அவ்வளவு தூரம் சுடுகிறவர் வெட்டும் புள்ளியைத் தள்ளி வைத்துக்கொள்வார். ஆகவே பக்கவாட்டுப் பொருத்தத்தில் உண்மையான குறை கணக்கில் இல்லை, கழுத்தில்தான். இடப்பக்கம் சாய்ந்து பார்ப்பது பழக வேண்டிய ஒன்று. என் மதிப்பீட்டில், பக்கக் குதிரையில் தொலைநோக்கி ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டேவிட்சன் வழிக்கு அடுத்துத்தான் மற்றவை.

இனிப் பேராக்குக்கு வருவோம். 1873இல் பினாங்குக் காவல் பதவியை உதறிவிட்டு பிரிட்டிஷ் அதிகாரி கேப்டன் ஸ்பீடி பேராக்கின் லாருட்டுக்கு வந்தார். அப்பகுதியின் மலாய்த் தலைவர் இங்கா இப்ராகிமின் செலவில் இந்தியாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பஞ்சாபியரையும் பட்டாணியரையும் திரட்டி வந்தார். கூடவே அவர் கொண்டுவந்தது க்ருப் பீரங்கிகள். கீ ஹின், ஹாய் சான் என்ற சீனச் சங்கங்களின் சண்டை ஈய வயல்களிலும் சதுப்பு ஆற்று முகங்களிலும் மரவேலிக் கோட்டைகளுக்குப் பின்னால் நடந்தது. அங்கே தேவைப்பட்டது வேலியை உடைக்கும் ஆயுதம். 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டார். ஐந்து நாள் கழித்து அதே இடத்தைத் தாக்கிய கேப்டன் இன்ஸ் மரவேலியின் முன்னே மாண்டார். நவம்பர் 15 அன்று நடந்த இரண்டாம் தாக்குதலில் பீரங்கியும் ராக்கெட்டும் ஆற்றுவழியே வந்தன, வேலி விழுந்தது. அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து கூர்க்காக்களும் கொண்டுவரப்பட்டார்கள். அக்காலத்தில் இந்தியப் படையின் கையில் இருந்தது ஸ்னைடர். 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் வடஇந்தியாவையே கொதிக்கவைத்த அதே என்ஃபீல்டின் பின்புறத்தை வெட்டி, பின்வழியே தோட்டா இடுமாறு மாற்றியதுதான் அது. பக்கக் குதிரை அப்படியே இருந்தது. ஆக, பக்கக் குதிரைத் துப்பாக்கியின் மலாயா வரலாறு கற்பனையில்லை. அது எவ்வளவு தூரத்தில் பேசியது என்பதற்கு அதே போரில் ஒரு சான்று உண்டு. 1875 டிசம்பர் 20 அன்று, பேராக்குக்குத் தெற்கே சுங்கை ஊஜோங்கின் புக்கிட் புத்துஸ் கணவாயில், கூர்க்காப் படையின் கேப்டன் சானர் எதிரிகளின் பேச்சுக்குரல் காதில் விழும் அளவுக்குக் காட்டுக்குள் ஊர்ந்து போனார். வேலி தாண்டிக் குதித்து, முதல் ஆளைக் கைத்துப்பாக்கியால் சுட்டார். விக்டோரியா சிலுவை அவருக்குக் கிடைத்தது அதற்காகத்தான். கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரியும் எதிரியைத் தொலைநோக்கியில் எப்படிப் பார்ப்பது?

ரப்பர்த் தோட்டம் வந்தபோது வெளி திறந்ததே என்று ஒருவர் கேட்கலாம். காட்டை அழித்து நேர்வரிசையில் மரம் நட்ட இடம்தானே, வரிசைக்கு நடுவில் நெடுந்தூரம் தெரியாதா? கேள்வி நியாயமானது; விடை இரண்டு பங்கு. ஒன்று, காலம் பொருந்தவில்லை. கோலகங்சாரில் ஹியூ லோ சில ரப்பர்க் கன்றுகளை நட்டது 1877இல். தோட்டங்கள் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில். அதற்குள் படைகள் குதிரையே வெளியில் தெரியாத லீ-மெட்ஃபோர்டுக்கும் அதன் வாரிசுகளுக்கும் மாறிவிட்டன. தோட்டத்தில் பக்கக் குதிரை நீடித்தது ரவைத் துப்பாக்கியில்தான். துரைமார் வீட்டுச் சுவரில் தொங்கிய இரட்டைக் குழல்களில் அந்தக் கொம்புகள் நெடுங்காலம் இருந்தன. பரவிப் பாயும் ரவைக்குத் தொலைநோக்கி ஒரு பாரம். இரண்டு, வெளி நாம் நினைப்பதுபோல் திறக்கவில்லை. சமதரையில் இருபதடி இடைவெளி வரிசை கொஞ்ச தூரம் நேராகப் போகும் என்பது உண்மை. ஆனால் சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்து மேட்டு நிலங்களில் மரங்கள் குன்றின் வளைவையொட்டிப் படிக்கட்டு வரிசையாக நடப்பட்டவை. அங்கே வரிசை வளைந்துவிடும், பார்வையும் அதோடு முடிந்துவிடும். மேலே கிளைகள் கோர்த்துக்கொண்டால் பட்டப்பகலிலும் பச்சை இருட்டு. வெளிச்சத்தை விழுங்கும் பழைய கண்ணாடிகளுக்கு அது இன்னும் இருட்டு. இன்று ரப்பர் போய்ச் செம்பனை நிற்கும் இடங்களில் தாழ்ந்த மட்டைகள் கண்ணை மறிக்கின்றன. அங்கே காட்டுப்பன்றி வந்தால் இருபது கஜத்தில் தெரியும், மூன்று நொடியில் மறையும். நூறு கஜத்தில் பத்தடி அகலம் காட்டும் குறுகிய கண்ணாடி இருபது கஜத்தில் இரண்டடிதான் காட்டும். ஓடுகிற பன்றியின் விலா ஏதோ ஓரிடம் அதில் கறுப்பாகக் கடந்துபோகும்.

மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலமும் இதையே காட்டுகிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்ட நிர்வாகி ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்தில் சுடப்பட்டார். அதே காலையில் இன்னொரு தோட்டத்தில் மேலும் இரு வெள்ளையர் கட்டிவைத்துச் சுடப்பட்டனர். நாட்டையே பன்னிரண்டு ஆண்டு உலுக்கிய அந்தத் தொடக்கச் சூடுகள் ஒரு மேசை அகலத்தில் நடந்தவை. அதன்பின் காட்டுக்குள் போன படைகள் விரும்பி எடுத்தது குழல் குட்டையான, எடை குறைந்த லீ-என்ஃபீல்டு ஐந்தாம் மாதிரி. காட்டுக் கார்பைன் என்றே அதற்குப் பெயர். அதில் ஒருமுறை சரிசெய்த குறி மெல்ல நகர்ந்துவிடுகிறது என்று ஓயாத புகார் இருந்தது. இருந்தும் அது மலாயாவில் பரவலாகச் சுமக்கப்பட்டது. அதே காலத்துப் பிரிட்டிஷ் படையிடம் தொலைநோக்கி பொருத்திய நேர்த்தியான லீ-என்ஃபீல்டும் இருந்தது. காடு கேட்டது துல்லியத்தையன்று, கொடியில் சிக்காத குழலை.

இதோடு ஈரத்தைச் சேர்க்க வேண்டும். தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை. தீபகற்பத்திலேயே நனைந்த ஊர் என்று பெயர். பழைய பாணிப் பித்தளைக் குழாயில் காற்று அடைபடுவதில்லை. பகல் வெக்கையில் உள்ளே போன ஈரம் மாலைக் குளிரில் கண்ணாடியின் உட்புறத்தில் படரும், துடைக்க வழியில்லை. நாள் போகப் போகக் கண்ணாடியில் பூஞ்சை நூல்நூலாகப் படரும். பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த நோய். அந்தக் காலக் கேப்பில் இருந்த குளோரேட் எரிந்தபின் உப்பாக மிஞ்சும். அந்த உப்பும் கருமருந்தின் கரியும் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். பக்கக் குதிரைத் துப்பாக்கியைச் சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்பது இதனால்தான். குழலோடு நிலையாக முடுக்கிய தாங்கிகள் இருந்தால் அவற்றின் அடியில் வெந்நீரும் எண்ணெயும் சரியாகப் போகாது. துரு அங்கிருந்து தொடங்கும். இன்றைய கண்ணாடிகளில் நைட்ரஜன் அடைத்து இதைத் தீர்த்துவிட்டார்களே என்று கேட்டால், உண்மைதான், உட்புறத்துக்குத் தீர்த்துவிட்டார்கள். தாங்கியின் அடியில் தேங்கும் ஈரத்துக்கு நைட்ரஜன் எதுவும் செய்யாது.

மறுப்புகளில் எனக்குக் கனமாகப் படுவது கண்ணைப் பற்றியது. நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்குமேல் பின்குறி, குறிமுள், இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கக் கண்ணால் முடிவதில்லை. தொலைநோக்கி குறியையும் இலக்கையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பெரிதுபடுத்துவதைவிட இதுவே அதன் பெரிய உதவி. இதை மறுக்க முடியாது. ஆனால் இதற்காக மட்டும் கண்ணாடி வேண்டியதில்லை. அடிக்கட்டையின் கழுத்தில் நிமிர்த்தும் சிறு துளைக்குறி, துளைவழியே பார்ப்பதாலேயே மங்கலைக் குறைக்கிறது. அதில் கண்ணாடி இல்லை, பூஞ்சையும் இல்லை. குதிரைக்கும் அது குறுக்கே வராது. பழைய நெடுந்தூரப் பந்தயக்காரர்கள் அதைக் கொண்டே ஆயிரம் கஜம் சுட்டார்கள். இன்றைய உலகக் கருமருந்துப் போட்டிகளில் விட்வொர்த்தின் பெயரிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அதில் தொலைநோக்கி கிடையாது என்பது வேடிக்கை. இன்னொரு மறுப்பு கருணையை முன்வைக்கிறது: தெளிவாகக் குறிபார்த்தால் விலங்கு காயத்தோடு தப்பாது என்கிறது. ஆனால் துணி சுற்றிய உருண்டைக் குண்டு, வாயை விட்டுக் கிளம்பிய வேகத்தில் ஏறத்தாழப் பாதியை நூறு கஜத்துக்குள் இழந்துவிடும். கண்ணாடி 200 கஜத்து விலங்கை அழகாகக் காட்டும். குண்டால் அங்கே ஒழுங்காகக் கொல்ல முடியாது. குண்டு போகாத இடத்துக்குக் கண்ணை அனுப்பினால் காயப்பட்ட விலங்குகள் கூடத்தான் செய்யும். தவிர, பக்கக் குதிரை கனமானது. விசை விட்டபின் அது விழுந்து தட்டி, மருந்து பற்றிக் குண்டு வெளியேற நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் கை நடுங்குவதைக் கண்ணாடி பெரிதாக்கிக் காட்டும், நிறுத்தாது.

அப்படியானால் மிஞ்சுவது சுடுகளம். திறந்த வெளியும் அளந்த தூரமும் அசையாத பலகையும் இருக்கும் அந்த இடம் ஒரு வகையில் ஜேக்கபாபாத்தின் சிறு துண்டு. அங்கே டேவிட்சன் பாணிக் கண்ணாடி தன் வேலையைச் செய்யும். ஆனால் மலேசியாவில் அதற்குள் நுழையும் வாசலே குறுகல். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் துப்பாக்கி வைத்திருக்கக் காவல்துறையின் உரிமம் வேண்டும். பழுது பார்ப்பதற்கும் செய்வதற்கும் தனி உரிமம் வேண்டும். 1971ஆம் ஆண்டு வந்த கூடுதல் தண்டனைச் சட்டம் சட்டவிரோதத் துப்பாக்கியைக் கையாள்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. தோட்டப்புறத்தில் பயிர்காவலுக்கு உரிமம் பெறுவது பெரும்பாலும் ரவைத் துப்பாக்கிதான். ஆகவே ஒரு பழைய துப்பாக்கியை வீட்டுப் பட்டறையில் துளையிட்டுக் கண்ணாடி ஏற்றுவது தொழில்நுட்பத் தவறாவதற்கு முன்பே சட்டத் தவறாகிவிடும். தொழில்நுட்பமாகவும் துளைதான் மோசமான வழி. மருந்து வெடிக்கும் பின்பகுதியில் குழலின் சுவரும் பின்மூடியின் மரையும் சந்திக்கின்றன. அங்கே இறங்கும் துளை எவ்வளவு ஆழம் போனது என்பது வெளியிலிருந்து தெரியாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவர் செய்வதானாலும் பழைய குறிமுள்ளும் பின்குறியும் செருகிய பள்ளங்களிலேயே தாங்கிகளைச் செருக வேண்டும். அவற்றைக் கழற்றினால் பழைய குறிகள் மறுபடி அதே இடத்தில் அமர வேண்டும். 1883இல் தொடங்கிய தைப்பிங் அருங்காட்சியகம் போன்ற இடங்களின் சேகரிப்பிலோ, பழைய குடும்பங்களின் கையிலோ எஞ்சியிருக்கும் ஸ்னைடர் காலத்துத் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை இந்தச் சலுகையும் கிடையாது. அவற்றின் தாழ்ந்த அடிக்கட்டையும் தேய்ந்த பின்குறியும் எந்தத் தூரத்துக்குச் செய்யப்பட்டவை, எந்தத் தூரத்தில் சுடப்பட்டவை என்பதற்குச் சான்று. புதுத் தாங்கியின் திருகாணி ஒன்று விழுந்தாலும் அந்தச் சான்றைப் படிக்க முடியாமல் போகும்.